குதிரைக்கு மார்க் கிடையாது!

குதிரை விஷயத்தில் நம்முடைய அனுபவம் ரொம்பச் சொற்பம். ஊர் எல்லையில் முழியை உருட்டிக்கொண்டு நிற்கும் அய்யனார் கோயில் மண்குதிரை (உதைக்காது). மெரினா மணலில் ‘ஒரு ரவுண்டு போலாமா ஸார்?’ குதிரை (உதைக்கத் தெம்பிருக்காது). மாப்பிள்ளை அழைப்பில் பாண்டு வாத்தியத்துக்கும் பட்டாசுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட குதிரை (யாரை முதலில் உதைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்). மிச்சமெல்லாம் சினிமாவில் ராஜா வேஷக்காரர்கள் ஏறிக்கொண்டு போனது.

இந்த அளவு பாண்டித்தியத்தோடுதான் ஒஹையோவில் போய் இறங்கினேன். அங்கே குதிரைப் போட்டி ஒன்று பார்த்தேன். அதில் குதிரைக்கு மார்க்கே கிடையாது. பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்குத்தான் மார்க்.

‘இதென்ன கூத்து?’ என்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன்.

★

ஆபீஸ் வேலையாக மூன்று மாசம் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்துத் தலைநகர் கொலம்பஸில் ஜாகை. பகலெல்லாம் கம்ப்யூட்டர். ராத்திரி மைக்ரோவேவில் சூடு பண்ணிய, சாம்பார் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு திரவம். சனி, ஞாயிறு வந்தால் துணி துவைக்கிற திருவிழா.

பக்கத்து சீட்டுக்காரர் ஒரு வெள்ளைக்கார நண்பர். ஐம்பது வயசு. ஜூலை மாசத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கேட்டார்:

“நாளைக்கு என்ன ப்ளான்?”

“துணி துவைக்கணும்.”

“துணி ஞாயித்துக்கிழமையும் அழுக்காத்தான் இருக்கும். எங்க ஊருக்கு வாங்க. அடுத்த வாரம் சந்தை. பொண்ணு குதிரையை ஷோவுக்கு ரெடி பண்ணிக்கிட்டிருக்கா.”

(அவர் பேசியது இங்கிலீஷ். என் மொழிபெயர்ப்பில் கொஞ்சம் மாம்பலம் வாடை அடிக்கும். அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள்.)

கொலம்பஸிலிருந்து மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் எழுபது கிலோமீட்டர் சொச்சம் போனால் ஸ்பிரிங்ஃபீல்ட். வழியெல்லாம் இரண்டு பக்கமும் மக்காச்சோளம், அலுத்தால் சோயா, அதுவும் அலுத்தால் மறுபடி மக்காச்சோளம். இன்னும் கொஞ்சம் போனால் டேட்டன், ரைட் சகோதரர்களின் ஊர். இந்தச் சமவெளியையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் பறக்கத்தான் தோன்றும்.

நண்பர் நேரே வீட்டுக்குப் போகாமல் ஸ்பிரிங்ஃபீல்டுக்குள் வண்டியைத் திருப்பினார். “இங்கேதான் எல்லாம் ஆரம்பிச்சது” என்றார்.

ஆரம்பித்தது இப்படி. 1902 ஜனவரி 15. இந்த வட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு சூப்பரின்டெண்டன்ட்டாக இருந்த ஏ.பி. கிரஹாம் என்பவர், கவுண்டி கோர்ட் கட்டடத்தின் அடித்தளத்தில் விவசாயிகள் வீட்டுப் பையன்களையும் பெண்களையும் கூட்டி ஒரு சங்கம் வைத்தார். லிட்மஸ் காகிதத்தை வைத்து மண்ணைச் சோதிப்பது, நல்ல சோள விதை பொறுக்குவது, வீட்டுத் தோட்டம் போடுவது, களையையும் பூச்சியையும் அடையாளம் காண்பது. பாட்டி தாத்தா காலத்து வழக்கத்தை விட மாட்டேன் என்கிற அப்பாக்களுக்கு விவசாயக் கல்லூரிக்காரர்கள் என்ன சொன்னாலும் ஏறாத காலம் அது. பிள்ளை செய்து காட்டினால் அப்பா வேலியோரமாக நின்று, பார்க்காத மாதிரி பார்ப்பார் என்பதுதான் யோசனை. (அப்பாக்கள் எல்லா தேசத்திலும் ஒரே அச்சு.)

அந்தச் சங்கம்தான் வளர்ந்து ‘4-எச்’ ஆயிற்று. சின்னம், நாலு இதழ் உள்ள பச்சைக் கிளாவர் இலை. இதழுக்கு ஒரு எச். ஹெட், ஹார்ட், ஹேண்ட்ஸ், ஹெல்த். அதாவது மூளை, மனசு, கை, ஆரோக்கியம். 1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தபின், மாநில விவசாயப் பல்கலைக்கழகங்கள் கிராமங்களுக்கு நடத்துகிற விரிவாக்கப் பணியோடு இது சேர்ந்துவிட்டது. ஒஹையோவில் அந்தப் பொறுப்பு ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு. இன்றைக்கு நாடு முழுக்க ஏறக்குறைய 60 லட்சம் பிள்ளைகள். மாடு, ஆடு, முயல், சமையல், தையல், ராக்கெட், ரோபோ என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒன்று குதிரை.

“குதிரை வாங்க வசதியில்லாத பிள்ளை என்ன பண்ணும்?” என்று கேட்டேன்.

“அதுக்கும் ஒரு பாடம் இருக்கு. பேரு ‘ஹார்ஸ்லெஸ் ஹார்ஸ்’.”

குதிரையில்லாத குதிரை! ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். நிஜமாகவே அப்படி ஒரு திட்டம் இருக்கிறது. சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகள் குதிரையின் அங்கங்கள், தீனி, நோய், சேணம், கடிவாளம் எல்லாவற்றையும் படித்துத் தேறலாம். நண்பரின் பெண்ணே எட்டு வயசில் அப்படித்தான் சேர்ந்தாள். இரண்டு வருஷம் குதிரையில்லாத குதிரை ஓட்டியபின், அவள் பத்து வயசில்தான் நிஜக் குதிரை வீட்டுக்கு வந்தது. அதற்கு அப்போதே வயசு பதினாலு. பழைய மாடல் என்பதால் விலை சல்லிசு.

★

நண்பரின் வீடு பக்கத்துக் கவுண்டியில். (கவுண்டி என்றால் நம் தாலுகாவுக்கும் ஜில்லாவுக்கும் நடுவே ஒரு சைஸ். ஒஹையோவில் மொத்தம் 88. அநேகமாக ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒரு சந்தை.) வீட்டுக்குப் பின்னால் லாயம். அதில் பிஸ்கட்.

பிஸ்கட் என்பது குதிரையின் பெயர். இப்போது 22 வயசு. மனுஷக் கணக்கில் பென்ஷன் வாங்கி, பேரனை ஸ்கூலுக்குக் கொண்டுவிடுகிற வயசு. செம்பழுப்பு உடம்பு, மூன்று காலில் வெள்ளை சாக்ஸ், நெற்றியில் திருநீறு இழுத்த மாதிரி ஒரு வெள்ளை. பெண்ணுக்குப் பதினெட்டு. ‘ஹலோ’ சொன்ன கையோடு என் கையில் ஒரு ரப்பர் பிரஷ்ஷைக் கொடுத்து, “வட்டம் வட்டமா தேய்ங்க. எலும்பு இருக்கிற இடத்துல மட்டும் அழுத்தாதீங்க” என்றாள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பைக் துடைத்திருக்கிறீர்களா? அதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். முதலில் ரப்பர் பிரஷ் வட்டமாகப் போய் அழுக்கையும் உதிர்ந்த மயிரையும் மேலே கொண்டுவரும். பிறகு முரட்டு பிரஷ் அதை விசிறித் தள்ளும். அப்புறம் மெத்தென்ற பிரஷ். கடைசியில் துணி. பைக்குக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், துடைத்து முடித்ததும் பைக் போய் மண்ணில் புரளாது.

“இந்தப் பளபளப்பு பிரஷ்ஷுல மட்டும் வராது, தீனியிலேர்ந்து வரணும்” என்றாள். குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறக்குறைய 2 சதவிகிதம் தின்னும். 500 கிலோ குதிரைக்கு 10 கிலோ காய்ந்த புல். கூடவே கொஞ்சம் ஆல்ஃபால்ஃபா. (நம் விவசாய இலாகா அதற்குக் குதிரைமசால் என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறது!) தண்ணீர் 30 லிட்டர். மறுமுனையில் தினம் 20 கிலோவுக்குக் குறையாமல் லத்தி. அதை அள்ளுவதும் பெண்தான். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, பனி கொட்டுகிற ஜனவரியில்கூட, எட்டு வருஷமாக அள்ளுகிறாள். அப்பா உதவக் கூடாதா? அள்ளலாம். ஆனால் ஷோவுக்கான அலங்காரத்தில் அவர் கை படக் கூடாது, அது பிள்ளை வேலை.

அலங்காரம் என்றால் சாமான்யமில்லை. பிடரி மயிரைப் பிரித்துக் குட்டிக் குட்டி ரப்பர் பாண்டு போட்டு வரிசையாகக் குடுமி கட்டுகிறார்கள். கால் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரிய சோள மாவு பூசுகிறார்கள். (நாம் சூப்பில் போடுவோமே, அதே மாவு.) குளிப்பாட்டிய ராத்திரி மறுபடி அழுக்காகாமலிருக்க, தலையையும் கழுத்தையும் மூடி ஒரு லைக்ரா உடுப்பு மாட்டுகிறார்கள். குதிரைக்கு நைட்டி!

மூக்கு மீசையை மட்டும் அவள் தொடவில்லை. நிறையப் பேர் அழகுக்காக ஒட்டச் சிரைத்துவிடுவார்களாம். “குதிரைக்குத் தன் மூக்குக்கு நேர் கீழே இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு அந்த மீசைதான் விரல். நான் வெட்டறதில்லை. மார்க் போனாப் போகட்டும்.” சர்வதேசக் குதிரையேற்ற சம்மேளனமும் 2021 ஜூலையிலிருந்து தன் போட்டிகளில் மீசை வழித்த குதிரைக்கு இடமில்லை என்று விதி போட்டுவிட்டது. பதினெட்டு வயசுப் பெண் பேசுகிற பேச்சில் அழகு நிலையம் பாதி, ஆஸ்பத்திரி பாதி.

ஆஸ்பத்திரி பாதிதான் எனக்கு ஆச்சரியம். ஓய்வாக நிற்கிற குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு 28-லிருந்து 44. நம்மில் பாதிக்குக் கொஞ்சம் மேல். உடம்புச் சூடு 99-லிருந்து 101 டிகிரி. (நாமாக இருந்தால் லீவு லெட்டர் எழுதியிருப்போம்.) குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. அதனால் கண்டதைத் தின்று வயிறு பிடித்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. குளம்பை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து சீவ வேண்டும். ‘குளம்பு இல்லையேல் குதிரை இல்லை’ என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, வளைந்த கம்பியால் குளம்புக்கு அடியில் அப்பிய மண்ணைச் சுரண்டி, கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. வருஷம் முழுக்க.

எனக்குப் பாண்டிய ராஜா ஞாபகம் வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார்: பாண்டிய நாட்டில் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல் தாண்டி வரவழைக்கிறார்கள், கொட்டிக் கொடுத்து வாங்குகிறார்கள், வருஷம் முடிவதற்குள் முக்கால்வாசி செத்துப்போகிறது. காரணம், பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை. அதனால் மறு வருஷம் மறுபடி கப்பல், மறுபடி பணம். நரியைப் பரியாக்க நம்மிடம் சொக்கநாதரே இருந்தார். பரியைப் பரியாகவே வைத்திருக்கத்தான் ஆள் இல்லை. அரபு தேசத்து வியாபாரிகளுக்கு அது எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

★

“சரி, மார்க் எப்படிப் போடுவாங்க?” என்றேன்.

“நீங்கதான் ஜட்ஜ். வாங்க” என்று என்னை மைதானத்தில் நிறுத்திவிட்டாள்.

இந்த வகுப்புக்குப் பெயர் ஷோமன்ஷிப். ஏறி ஓட்டுவதற்கு வேறு வகுப்புகள் இருக்கின்றன, அதற்குத் தலையில் ஹெல்மெட் இல்லாமல் விட மாட்டார்கள். இதில் ஏறுவதே கிடையாது. குதிரையைக் கயிற்றில் பிடித்து நடத்தி வர வேண்டும், ஓட்டி வர வேண்டும், பின்னால் நகர்த்த வேண்டும். பின் வலது காலை ஆணியடித்த மாதிரி அதே இடத்தில் வைத்து, குதிரையை வட்டமாகத் திருப்ப வேண்டும். பிறகு நாலு காலும் நாற்காலிக் கால் மாதிரி நேராக இருக்கும்படி நிறுத்த வேண்டும். தள்ளக் கூடாது, அதட்டக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது (குதிரை ஓடினால் கை கூடவே போய்விடும்).

அப்புறம் ஜட்ஜ் குதிரையைச் சுற்றி வருவார். இங்கேதான் சூட்சுமம். குதிரையின் முதுகெலும்பை ஒட்டி நெடுக்கே ஒரு கோடு, தோளுக்கு மேலே குறுக்கே ஒரு கோடு என்று மனசுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். நாலு கட்டம். ஜட்ஜ் முன் கட்டத்தில் இருந்தால் பிள்ளை அவருக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். அவர் பின் கட்டத்துக்குப் போனதும் அவர் இருக்கிற பக்கமே தாவிவிட வேண்டும். அவர் அந்தப் பக்கம் மாறினால் இவளும் மாற வேண்டும்.

நான் மெதுவாகச் சுற்றினேன். சட்டென்று திரும்பி எதிர்த் திசையில் சுற்றினேன். அவள் என் கண்ணைப் பார்த்தபடி, பரதநாட்டியக்காரி மாதிரி இரண்டே அடியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது.

“எதுக்கு இந்தக் கபடி ஆட்டம்?”

“நீங்க முன்னால நிக்கறப்போ நான் குதிரையை மறைக்கக் கூடாது. நீங்க பின்னால நிக்கறப்போ அவன் மிரண்டா, தலையை என் பக்கம் இழுப்பேன். பின்பக்கம் தன்னால உங்களை விட்டு விலகிடும். உதை உங்க மேல விழாது.”

மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

குதிரை குட்டையா நெட்டையா, உயர்ந்த ஜாதியா, என்ன விலை, எதற்கும் இந்த வகுப்பில் மார்க் இல்லை. அதன் தோல், குளம்பு, சதை, ஒழுக்கம் எல்லாம் ஜட்ஜுக்கு ஒரு சாட்சி. இந்தப் பிள்ளை வருஷம் முழுக்க என்ன செய்தது என்பதை, வாயில்லாத குதிரை வந்து சொல்லிவிட்டுப் போகிறது. முதல் பரிசு நீல ரிப்பன், இரண்டாவது சிவப்பு, மூன்றாவது மஞ்சள், நாலு வெள்ளை, ஐந்து ரோஸ், ஆறு பச்சை. எட்டு வருஷத்தில் பெண்ணின் அறைச் சுவரில் நீலத்தைத் தவிர எல்லா நிறமும் இருந்தது. சிவப்பு மட்டும் மூன்று.

“இந்த வருஷம்தான் அவளுக்குக் கடைசி” என்றார் நண்பர் தணிந்த குரலில். “வயசு வரம்பு தாண்டிடும். அடுத்த மாசம் காலேஜ்.”

★

புதன்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன். நம் தேர்த் திருவிழாவும் பொருட்காட்சியும் சேர்ந்த வாசனை. ராட்டினம். பன்றி ஏலம். மாவை எண்ணெயில் பிழிந்து, சர்க்கரைப் பொடி தூவிக் கொடுக்கிற ஃபனல் கேக். ஜாங்கிரிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள நீளமாகத் தகரக் கொட்டகைகள். வைக்கோல் கட்டுகளின் மேல் கட்டில் போட்ட மாதிரி பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன, மிருகங்கள் முழித்துக்கொண்டிருந்தன.

பிஸ்கட் ஜொலித்தது. முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒன்பது மணிக்கு வகுப்பு. ஏழரை மணிக்குப் பெண் அதைக் கடைசியாக ஒருமுறை நடத்திப் பார்க்க வெளியே கொண்டுவந்தாள். பத்தடி நடந்தாள், நின்றாள். மறுபடி பத்தடி.

“அப்பா, தலையைப் பாருங்க.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது. குதிரைக்கு முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். பிஸ்கட்டின் தலை ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். பெண் மண்டியிட்டுக் குளம்புக்கு மேலே, கணுக்காலின் பின்பக்கம் இரண்டு விரலை வைத்தாள். சித்த வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடத்தில் நாடி சாதாரணமாகத் தேடினால்தான் கிடைக்குமாம். குளம்புக்குள் ஏதாவது கோளாறு இருந்தால் துள்ளும். துள்ளியது. குளம்பில் சூடும் இருந்தது.

“ரொம்ப லேசாத்தான் இருக்கு” என்றார் நண்பர். “பத்து நிமிஷ வேலை. நடை, கொஞ்சம் ஓட்டம். மண்ணு வேற மெத்துனு இருக்கு. முடிஞ்சதும் டாக்டரைக் கூப்பிடலாம்.”

பெண் பதில் சொல்லவில்லை.

அந்தப் பக்கமாக வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, “ஒரு டோஸ் வலி மருந்து கொடுத்தா ஒருத்தருக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டுப் போனார். தெரியாமல் போகலாம்தான். 1994-ல் ஒஹையோ மாநிலச் சந்தையில் பரிசு வாங்கிய மாடுகளுக்குக் கள்ளத்தனமாக மருந்து ஏற்றியிருந்தது வெளிவந்து நாறிப்போய், மாநிலம் அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் வந்து முப்பது வருஷமான பின்னும் யோசனை சொல்ல ஆள் இருக்கிறது.

நண்பர் மகளைப் பார்த்தார். நான் ஃபனல் கேக்கைப் பார்த்தேன். எட்டு வருஷத்துக் காலை ஐந்தரை மணிகள் எனக்கே கண்ணில் வந்து நின்றன. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

“மருந்து கொடுத்தா அவனுக்கு வலி தெரியாது. அப்ப நல்லாக் காலை ஊன்றுவான். இன்னும் மோசமாகும்” என்றாள். அப்புறம் கொஞ்சம் உடைந்த குரலில், “இது என்னைப் பத்தின போட்டிதானேப்பா? கால் வலிக்கிற குதிரையைக் கூட்டிக்கிட்டுப் போனா, ஜட்ஜ் கண்டுபிடிக்காட்டியும் நான் அந்த மாதிரி ஆளுதானே?”

நண்பர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். “டாக்டரைக் கூப்பிடறேன்” என்று ஃபோனை எடுத்தார்.

பெண் ஷோ ஆபீஸுக்கு நடந்தாள். கூடவே போனேன். கவுன்ட்டரில் ஒரு அம்மாள். பெயர் நீக்க வேண்டும் என்றதும் காரணம் கேட்டாள். “முன் இடது கால்” என்றாள் இவள். அந்த அம்மாள் ஒரு ஸ்கேலை வைத்து, பெயரின் மேல் பென்சிலால் நேராக ஒரு கோடு இழுத்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் கொட்டகை மூலையில் போய்த் திரும்பி நின்று அழுதாள். நான் தண்ணீர்க் குழாயை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோள மாவு டப்பாவையும் ஒரு துணியையும் எடுத்துக்கொண்டு எங்கேயோ விரைந்தாள்.

★

அவர்கள் சங்கத்திலேயே ஒன்பது வயசுப் பையன் ஒருவன், முதல் ஷோ. இரவல் வாங்கிய மட்டக்குதிரை. அது தன் வெள்ளைக் காலை எங்கேயோ சேற்றில் விட்டுவிட்டு வந்திருந்தது. பையன் அழுகிற ஸ்டேஜில் இருந்தான். இவள் போய் டப்பாவை அவன் கையில் கொடுத்தாள். தான் தொடவில்லை. “முதல்ல துணியால துடை. காஞ்சப்புறம் மாவு. நேரம் இருக்கு. மூச்சு விடு” என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வாசல் வரை கூடப் போனாள். உள்ளே நுழைகிற கடைசி நிமிஷத்தில், “ஜட்ஜ் எங்கேனு பார்த்துக்கிட்டே இரு” என்று அவனைத் தட்டிக்கொடுத்தாள்.

சின்னப் பிள்ளைகள் வகுப்பில் பன்னிரண்டு பேர். பையனின் மட்டக்குதிரை திரும்ப வேண்டிய இடத்தில் சிலை மாதிரி நின்றுவிட்டது. என் அடிவயிறு கலங்கியது. பையன் இழுக்கவில்லை. நின்று, தோள் ஏறி இறங்க ஒரு மூச்சு விட்டு, மறுபடி கேட்டான். மட்டக்குதிரை யோசித்து, சம்மதித்து, திரும்பியது.

ஜட்ஜம்மாள் முடிவு சொல்லும்போது மைக்கில் ஒவ்வொருவருக்கும் காரணமும் சொன்னார். (நம் ஆபீஸ் அப்ரைசலில் யாராவது இப்படிக் காரணம் சொன்னதுண்டா?) முதல் பரிசு வாங்கிய பெண்ணிடம், கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கலாம் என்றார். ஆறாவதாகப் பையன் பெயர். “குதிரை முடியாதுனு சொன்னப்போ நீ கோபப்படலை. அதைக் கேட்டே. அதுக்குத்தான் இது” என்று பச்சை ரிப்பனைக் கொடுத்தார்.

பெரிய பிள்ளைகள் வகுப்பை அவள் வேலிக்கு வெளியே நின்று முழுக்கப் பார்த்தாள். நீல ரிப்பன் வேறொரு பெண்ணுக்கு. கை தட்டினாள். நல்லாவே தட்டினாள்.

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். ஒரு இடுக்கியால் குளம்பைச் சுற்றி அங்கங்கே அழுத்தினார். ஒரு இடத்தில் பிஸ்கட் வெடுக்கென்று காலை இழுத்தது. அந்த இடத்தில் சின்னக் கத்தியால் கொஞ்சம் சுரண்டினதும், கறுப்பாக ஒரு திரவம் சொட்டியது. உள்ளே சீழ் கட்டியிருந்தது. ஓட விட்டிருந்தால் இன்னும் மேலே ஏறியிருக்கும் என்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் எப்ஸம் உப்புப் போட்டுக் காலை ஊற வைக்கச் சொன்னார். கட்டுப் போட்டு, ஈரம் படாமல் வைத்து, கொஞ்ச நாள் ஓய்வு.

பக்கெட் பிடிக்கிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. 500 கிலோ பிராணி ஒரு காலை பக்கெட்டில் விட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, கீழ் உதடு தொங்க நிற்கிற காட்சி இருக்கிறதே... டெல்லி பாஸுக்கு ஃபுட் மசாஜ் நடக்கிற மாதிரி இருந்தது. பெண் அதன் பிடரியிலிருந்த ரப்பர் பாண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். முந்தின நாள் போட இரண்டு மணி நேரமாம்.

அப்போதுதான் பையன் ஓடி வந்தான். “அக்கா! ஆறாவது!” என்று ரிப்பனை நீட்டினான். அவள் குனிந்து வாங்கி, சரிகை எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

“என்னோட முதல் ரிப்பனும் பச்சைதான்” என்றாள்.

அந்தச் சந்தடியில் பிஸ்கட் மெல்லக் கழுத்தை நீட்டி, பச்சை ரிப்பனின் வாலைக் கவ்வி மெல்ல ஆரம்பித்துவிட்டது. பையன் அலறினான். நண்பர் பாய்ந்தார். அவள் சாவகாசமாகக் குதிரையின் கடைவாயில், பல் இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டை விரலை விட்டாள். வாய் திறந்தது. எச்சில் சொட்டச் சொட்ட ரிப்பன் வெளியே வந்தது.

“துவைச்சுத் தரேன்டா” என்றாள். அவளும் சிரித்தாள், பையனும் சிரித்தான்.

துணி துவைக்கிற விஷயத்தில் எனக்கு மூன்று மாச அனுபவம் இருந்தது. ரிப்பனை நான் வாங்கிக்கொண்டேன்.